கியர்பாக்ஸுக்குள் கூலன்ட் இறங்கினால்: நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரான்டியர் வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

2005 முதல் 2010 மாடல் வரை அமெரிக்காவில் விற்ற நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃப்ரான்டியர் மூன்றுக்கும் ஒரு பொதுவான நோய் உண்டு. 4 லிட்டர் வி6 எஞ்சினும் ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த வண்டிகளில் இது வரும். எஞ்சின் நன்றாக உழைக்கும். கியர்பாக்ஸும் இயல்பில் கெட்டியானதுதான். ஆனால் வண்டியின் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் உள்ளுக்குள் ஒழுகி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கியர் ஆயிலோடு கலந்துவிடும். கலந்த ஆயில் நம்மூர் ரோஸ் மில்க் போலவே இருக்கும். அங்குள்ளவர்கள் இதை ‘ஸ்ட்ராபெரி மில்க் ஷேக்’ என்கிறார்கள்.

ரேடியேட்டரின் விலை சில நூறு டாலர். அது கெடுத்துவிட்டுப் போகும் கியர்பாக்ஸை மாற்றப் பல ஆயிரம் டாலர் ஆகும். இதற்காகத் தொடரப்பட்ட கூட்டு வழக்கில் நியூயார்க் தெற்கு மாவட்டப் பெடரல் நீதிமன்றம் 2013-இல் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் தந்தது. முதலில் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை நீட்டிக்கப்பட்டிருந்த உத்தரவாதம், உரிமையாளரும் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு, 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வரை போனது. அந்தக் காலக்கெடு எல்லா வண்டிகளுக்கும் முடிந்துவிட்டது. இனி உரிமையாளரே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

கீழே சொல்வது இந்த மூன்று வண்டிகளை வைத்துத்தான். ஆனால் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் இருக்கும் எந்த ஆட்டோமேட்டிக்குக்கும், சிவிடிக்கும் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) அடிப்படை இதுவே. கியர்பாக்ஸின் மேல் தனியாகப் பொருத்திய, கூலன்ட் ஓடும் தட்டு கூலர் உள்ள வண்டிகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. இந்தியாவில் அதிகம் ஓடும் சிறிய ஏஎம்டி கார்களிலும் (மேனுவல் கியரைத் தானாக மாற்றும் வகை) மேனுவல் கார்களிலும் கூலன்ட் இப்படிக் கியர்பாக்ஸ் பக்கம் போவதில்லை. அவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டும் எப்படிக் கலக்கின்றன

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஓயாமல் ஆயிலைக் கடைவதால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை இறக்க ஆயிலை இரண்டு குழாய்கள் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஓர் உலோகக் கூலர் கிடக்கிறது. அதன் உள்ளே ஆயில், வெளியே கூலன்ட். குளிர்காலத்தில் ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றவும் இந்த அமைப்பு உதவும். யோசனை நல்லதுதான். ஆனால் இரண்டு திரவங்களுக்கும் நடுவே இருப்பது மெல்லிய உலோகச் சுவரும், அது தொட்டியைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் உள்ள சீலும் மட்டும்தான்.

வருடக்கணக்கில் சூடேறி, ஆறி, அதிர்ந்து, அரித்து அந்த இடத்தில் விரிசல் விழுகிறது. வண்டி ஓடும்போது கூலரில் ஆயிலின் அழுத்தம் பொதுவாகக் கூலன்ட்டைவிட அதிகம். அதனால் ஆயில் கூலன்ட் பக்கம் கசியும். எஞ்சினை அணைத்ததும் ஆயில் பம்ப் நின்று அந்தப் பக்கம் அழுத்தம் இல்லாமல் போகிறது. கூலன்ட்டோ இன்னும் நல்ல சூட்டில், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் பிடித்துவைத்திருக்கும் அழுத்தத்தோடு நிற்கிறது. அப்போது அதே விரிசல் வழியாகக் கூலன்ட் கியர்பாக்ஸ் பக்கம் இறங்கும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போன பிறகுதான் கேடு நடக்கிறது. தரையில் ஒரு சொட்டும் விழாது. அதனால்தான் பலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

கியர்பாக்ஸுக்குள் போன கூலன்ட் என்ன செய்யும்? கிளட்ச் தட்டுகளில் இருப்பது காகித நார் கலந்த லைனிங். அதை எஃகுத் தட்டோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த நாருக்குள் ஊறி உப்ப வைக்கும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனமும் தண்ணீரும் சேர்ந்து பசையை இளக்கும். லைனிங் தோல் உரிவதுபோல உரிந்து, அந்தத் துகள், ஆயிலைத் திருப்பிவிட்டுக் கியர் மாற்றும் வால்வு பாடியின் நுண்துளைகளை அடைக்கும். சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும், டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச்சிலும் இதே லைனிங்தான் இருக்கிறது, பெரும்பாலும் அறிகுறி முதலில் அங்கேதான் தெரியும். பேரிங்குகளில் துரு பிடிக்கும். போதாக்குறைக்கு, இந்தக் கியர்பாக்ஸில் கட்டுப்பாட்டுக் கணினி வெளியே இல்லை. வால்வு பாடியோடு சேர்ந்து ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் அதையும் விட்டுவைக்காது.

என்னென்ன அறிகுறிகள் தெரியும்

கூலன்ட் ரிசர்வ் பாட்டிலில் அளவு மெல்லக் குறையும். எங்கும் வெளியே ஒழுகலும் இருக்காது, சைலன்ஸரில் வெள்ளைப் புகையும் இருக்காது. சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான். கூலன்ட் ஆவியாகிவிட்டது என்று சொல்லி யாராவது ஊற்றி நிரப்பினால் அதை ஏற்காதீர்கள். மூடிய அமைப்பில் மாதாமாதம் அரை லிட்டர் காணாமல் போகாது.

அடுத்தது அதிர்வு. 40 முதல் 60 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 65 முதல் 95 கிலோமீட்டரில், ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்துச் சீராகப் போகும்போது, சாலையில் வரிசையாக மேடு போட்டதுபோல வண்டி கடகடவென்று நடுங்கும். காலைச் சற்று அழுத்தினால் நின்றுவிடும். லாக்கப் கிளட்ச் பிடிமானம் இல்லாமல் பிடித்துப் பிடித்து விடுகிறது என்று அர்த்தம். இதை டயர் பேலன்சிங் குறை என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் ஏராளம். வேறுபடுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு: நடுங்கும்போது பிரேக் பெடலை இடது காலால் லேசாகத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்ததும் லாக்கப் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் குறை டயரில் இல்லை. இதைக் காலியான நேர்ச்சாலையில் மட்டும் செய்யுங்கள்.

இதற்குப் பிறகு வருபவை தாமதமான அறிகுறிகள்: கியர் விழும்போது இடி, எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் ஏறாமை, ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று நொடி கழித்து நகர்தல், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. இந்தக் கட்டம் வந்தால் கழுவிச் சரிசெய்யும் வாய்ப்பு மிகக் குறைவு.

சந்தேகம் வந்ததும்

எஞ்சினை அணையுங்கள். பட்டறை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒவ்வொரு நிமிட ஓட்டமும் கலந்த திரவத்தை டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் எல்லாக் கிளட்ச்சுகளுக்குள்ளும் தள்ளுகிறது. வண்டியை ஏற்றிச் செல்ல, தட்டையான மேடை உள்ள லாரியைக் கேளுங்கள். பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப்போனால் கியர்பாக்ஸின் உட்பாகங்கள் ஆயில் ஓட்டமில்லாமல் சுழன்று தேயும். நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு நான்கு சக்கரமும் மேடையில் இருப்பது கட்டாயம்.

உறுதி செய்வது

இந்த வண்டிகளில் டிப்ஸ்டிக் உண்டு. ஆனால் எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்போல உடனே உருவ முடியாது. எஞ்சினுக்குப் பின்னால், தீத்தடுப்புச் சுவரை ஒட்டி நிற்கும் குழாயின் வாயில் அதை ஒரு சிறு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். உருவியதும் நூல் பிரியாத காகிதத்தில் துடையுங்கள். சாதாரணப் பழந்துணியின் நூல் உள்ளே போனால் வால்வில் சிக்கும்.

டிப்ஸ்டிக்கின் நுனியை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ஆயில் ஊடுருவிப் பார்க்கும்படி செந்நிறமாக இருக்கும். வயதான ஆயில் பழுப்பாக இருக்கும், ஆனாலும் தெளிவு குறையாது. கூலன்ட் கலந்தது பால் கலந்ததுபோல மங்கி இளஞ்சிவப்பாக இருக்கும். டிப்ஸ்டிக் குழாயின் வாயில் நுரை ஒட்டியிருக்கும். அளவும் வழக்கத்தைவிட மேலே நிற்கும்.

சிறிதளவே கலந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுக்காது. அப்போது ஒரு பழைய இரும்புக் கரண்டியையோ தோசைக்கல்லையோ நன்றாகச் சூடாக்கி, அதில் இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று தெறிக்கும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். அடுப்பைத் திறந்தவெளியில் வையுங்கள். கண்ணாடி அணியுங்கள். சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரம் வேண்டாம். இதைவிடத் துல்லியமான பதில் வேண்டுமென்றால், சுமார் 100 மில்லி ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, கிளைக்கால் இருக்கிறதா என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

கூலன்ட் பக்கத்தையும் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்விளிம்பை விரலால் தடவுங்கள். இளஞ்சிவப்பு வழுவழுப்பு இருந்தால் கியர் ஆயில். காப்பி நிறக் களிம்பாக இருந்தால் அது எஞ்சின் ஆயில், கதை வேறு. எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் பக்கம் தேட வேண்டும்.

ஒழுகும் இடம் ரேடியேட்டர்தான் என்று நிரூபிப்பது

இதைத் தவிர்க்காதீர்கள். ரேடியேட்டர் என்று யூகித்து மாற்றிவிட்டு, கூலன்ட் இன்னும் குறைகிறதே என்று குழம்பும் நிலை வரக்கூடாது.

எஞ்சின் ஆறியதும், ரேடியேட்டரில் சேரும் இரண்டு ஆயில் குழாய்களையும் கழற்றிக் கீழே தட்டு வையுங்கள். கூலரில் தங்கிய ஆயில் வடியட்டும். பிறகு ரேடியேட்டர் வாயில் அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப்பம்ப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஆயில் குழாய் சேரும் இரு வாய்களில் ஏதாவது ஒன்றில் கூலன்ட் எட்டிப் பார்த்தால் வழக்கு முடிந்தது. வாய்கள் காய்ந்தே இருந்து அழுத்தமுள் இறங்கினால் ஒழுகல் வேறெங்கோ இருக்கிறது. முள்ளும் இறங்கவில்லை, வாயும் காய்ந்திருக்கிறது என்றால் உடனே நம்பிவிட வேண்டாம். சில விரிசல்கள் சூட்டில் மட்டுமே வாய் திறக்கும். டிப்ஸ்டிக்கில் கலப்பு உறுதியாகத் தெரிந்தபின் இந்தச் சோதனை காட்டாவிட்டாலும் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். வேறு வழியில் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போக இந்த வண்டியில் பாதை இல்லை.

கழுவிக் காப்பாற்றலாமா?

நேர்மையான பதில்: சில சமயம். தீர்மானிப்பவை மூன்று. எவ்வளவு கூலன்ட் போனது, கலந்தபின் எவ்வளவு தூரம் ஓடியது, நடுக்கம் தொடங்கிவிட்டதா.

நடுக்கமே இல்லை, கியர் எல்லாம் சுத்தமாக விழுகிறது, ஆயில் லேசாக மங்கியிருக்கிறது, காணாமல் போன கூலன்ட் ஒரு கோப்பைக்கும் குறைவு என்றால் கழுவுவது நியாயமான முயற்சி. நடுக்கம் தொடங்கிவிட்டால் லைனிங் ஊறிவிட்டது. புது ஆயில் ஊற்றியதும் சில வாரம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், பிறகு திரும்ப வரும். அந்த வண்டிக்குப் பெரிய தொகையை ஆயிலில் செலவழிக்காமல் கியர்பாக்ஸுக்குச் சேமிப்பது மேல்.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு யோசனையை மறுக்க வேண்டியிருக்கிறது. நன்றாகச் சூடேற ஓட்டினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்பார்கள். தண்ணீரில் ஒரு பகுதி போகலாம். ஆனால் கூலன்ட்டில் பாதி எத்திலீன் கிளைக்கால், அதன் கொதிநிலை 197 டிகிரி செல்சியஸ். கியர் ஆயில் அந்தச் சூட்டுக்குப் போவதற்குள் கியர்பாக்ஸே போய்விடும். கிளைக்கால் உள்ளேயே தங்கிப் பசையை இளக்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் ரேடியேட்டர், பிறகு ஆயில்

வரிசை முக்கியம். பழைய ரேடியேட்டரோடு ஆயிலை மாற்றினால் அன்றிரவே புது ஆயிலும் பாலாகும்.

தேவையானவை: புது ரேடியேட்டர், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கட்டும், ரேடியேட்டர் மூடி, நிசானுக்கு உரிய கூலன்ட், காய்ச்சி வடித்த தண்ணீர் 20 லிட்டராவது, ஆயில் பான் கேஸ்கட், நிசான் மேட்டிக்-எஸ் ஆயில் 18 முதல் 20 லிட்டர். பழைய கையேடுகளில் மேட்டிக்-ஜே என்றிருக்கும், அதன் இடத்துக்கு வந்தது மேட்டிக்-எஸ். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய ஆயிலை இந்த வேலையில் நம்ப வேண்டாம். ஏற்கெனவே அடிவாங்கிய லைனிங்குக்கு உராய்வுத் தன்மை சரியாக அமைந்த ஆயில்தான் வேண்டும்.

கூலன்ட்டை வடித்து, விசிறி மறைப்பைக் கழற்றி, ஹோஸ்களையும் ஆயில் குழாய்களையும் விடுவித்தால் ரேடியேட்டர் மேலே வந்துவிடும். பழையதைத் தூக்கியபின், வண்டியில் இருக்கும் இரண்டு ஆயில் குழாய்களுக்குள்ளும் கூலர் கழுவும் ஸ்பிரே அடித்து, பிறகு காற்று ஊதுங்கள். அந்தக் குழாயில் தங்கியிருக்கும் அரை டம்ளர் ரோஸ் மில்க்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புது ரேடியேட்டரில் ஆயில் வாய்களை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று வாயைத் தாங்க, ஒன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் தொட்டிக்குள் இருக்கும் சீல் திரும்பி, புது ரேடியேட்டரே முதல் நாளில் ஒழுகும்.

ஆயிலைக் கழுவி மாற்றுவது

இந்தக் கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு சுமார் 10.3 லிட்டர். அடியில் உள்ள போல்ட்டைத் திறந்தால் நாலு முதல் ஐந்து லிட்டர்தான் வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் கிளட்ச்சுகளிலும் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் 4.5 லிட்டர் மாற்றினால், முதல் முறைக்குப் பின் பழையது 56 சதவீதம் மிச்சம். இரண்டாவதில் 32, மூன்றாவதில் 18, நான்காவதில் 10. அதாவது 18 லிட்டர் ஊற்றியும் பத்தில் ஒரு பங்கு கலப்பு தங்குகிறது. அதனால் முதலில் ஒருமுறை அடியில் வடித்துவிட்டு, பிறகு திரும்பும் குழாய் வழியாக மாற்றுவதுதான் சிக்கனம்.

எஞ்சினைத் தொடாமல் முதலில் அடிப்போல்ட்டைத் திறந்து வடியுங்கள். கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பானைக் கழற்றுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல்நிற மாவு போன்ற படிவு வயதான எல்லாக் கியர்பாக்ஸிலும் இருக்கும், கவலை வேண்டாம். பானின் அடியில் கறுத்த தோல்துண்டு போன்ற சவ்வுகள் மிதந்தால் அது உரிந்த லைனிங். அங்கேயே நிறுத்துங்கள், மேலும் ஆயில் வாங்க வேண்டாம். சவ்வு எதுவும் இல்லை என்றால் பானைத் துடைத்து, புது கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சுமார் 8 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகமாக இறுக்கினால் பான் வளைந்து கேஸ்கட் பிதுங்கும்.

வடித்ததை அளந்து, அதே அளவு புது ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றுங்கள். இப்போது கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, ரேடியேட்டர் பக்க வாயில் ஓர் ஊடுருவித் தெரியும் குழாயைச் செருகி அளவுக்கோடிட்ட வாளியில் விடுங்கள். எது திரும்பும் குழாய் என்று தெரியாவிட்டால் இரண்டு முனைக்கும் பாட்டில் பிடித்து, உதவிக்கு ஒருவரை இரண்டு நொடி மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் வரும் பக்கம் தெரிந்துவிடும். பிறகு பார்க்கிங் நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, 2 லிட்டர் வந்ததும் அணையுங்கள். நிமிடம்கூட ஆகாது, அதனால் சாவி அருகே ஆள் இருக்க வேண்டும். 2 லிட்டர் புது ஆயிலை ஊற்றுங்கள். குழாயில் வருவது தெளிவான சிவப்பாகும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். பொதுவாக 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும்.

அளவு பார்ப்பது கடைசி வேலை. எஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி வைத்துவிட்டுப் பார்க்கிங்குக்கு வாருங்கள். ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது டிப்ஸ்டிக்கின் குளிர்ப்பக்கக் கோட்டிலும், 65 டிகிரியில் சூட்டுப்பக்கக் கோட்டிலும் நிற்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால் அதில் வெப்பநிலை தெரியும். ஒருமுறை பார்த்ததை நம்பாமல் மூன்று முறை துடைத்துப் பாருங்கள். பிறகு அந்தச் சிறு போல்ட்டை மறக்காமல் இறுக்குங்கள்.

80 கிலோமீட்டர் போல ஓட்டியபின் சூட்டுக் கரண்டிச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். தெறித்தால் அடிப்போல்ட் வழியாக இன்னொரு முறை மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

கூலன்ட் பக்கத்தில் ஏறிய ஆயில்

ரேடியேட்டர் மூடியில் வழுவழுப்பு இருந்தவர்களுக்கு மட்டும் இது. ஆயில் பட்ட ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஹோஸைப் பிடித்து அழுத்தினால் பழைய பஞ்சுபோல அமுங்கும். அவற்றைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஆயில் நீக்கும் கூலன்ட் கிளீனர் கலந்த தண்ணீரில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டி, வடித்து, தண்ணீர் மேலே பளபளப்பு மிதப்பது நிற்கும் வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். ஹீட்டர் பக்கம் ஆயில் நிறையத் தங்கும், அதனால்தான் ஹீட்டரைத் திறந்துவைக்கச் சொல்வது. கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த தண்ணீரில் இருக்கட்டும். பிறகு புது தெர்மோஸ்டாட், கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப்பாதி. வண்டியின் மூக்கு மேடாக இருக்கும்படி நிறுத்தி, காற்றுக் குமிழி அடங்கும்வரை நிரப்புங்கள்.

போர்வெல் தண்ணீர் எந்த ஊரிலும் ரேடியேட்டருக்கு ஆகாது. உப்பு படிந்து அரிப்பைத் தொடங்குவதே அதுதான். ஒழுகலை அடைக்கும் பவுடரும் வேண்டாம். அது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும், கூலரின் விரிசலை நம்பும்படி அடைக்காது.

வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டு நகராதீர்கள். கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், சிறு குழந்தை விரலை வைத்துவிடும். கொஞ்சம் போதும், சிறுநீரகத்தைச் சாகடித்துவிடும்.

கியர்பாக்ஸையே மாற்ற நேர்ந்தால்

ஓவராலிங் செய்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை: எல்லா லைனிங் தட்டுகளும் புதிது, எல்லா ரப்பர் சீலும் புதிது, டார்க் கன்வெர்ட்டர் புதிதாகவோ அறுத்துப் பிரித்து மறுசீரமைத்ததாகவோ இருக்க வேண்டும். பழைய கன்வெர்ட்டரைக் கழுவித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பற்றவைத்து மூடிய உருண்டை, உள்ளிருக்கும் லைனிங்கைப் பார்க்கவே முடியாது. வால்வு பாடியோடு இருக்கும் கணினியைச் சோதித்த விவரத்தையும் கேளுங்கள். வேறு கணினி போட்டால் வண்டிக்கு ஏற்ப நிரல் ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் செய்துவிட்டுப் பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த விவகாரத்தில் மிக வேதனையான தவறு. புதுக் கியர்பாக்ஸும் அதே வழியில் போகும். ரசீதில் புது ரேடியேட்டர் என்ற வரி இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

வராமல் தடுக்க இரண்டு வழி

பழைய ரேடியேட்டரோடு இன்னும் நல்ல நிலையில் ஓடும் வண்டி என்றால் நாளைக்கே ரேடியேட்டரை மாற்றுங்கள். அறிகுறிக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை, அறிகுறி தெரியும்போது லைனிங் ஊறியிருக்கும். இதுதான் எளிய வழி.

இரண்டாவது வழி, ஆயிலை ரேடியேட்டருக்குள்ளேயே விடாமல் காற்றில் குளிரும் தனிக் கூலருக்குத் திருப்பிவிடுவது. தட்டுகள் அடுக்கிய வகைக் கூலர் ஒன்று, கியர் ஆயிலுக்கென்றே செய்த உள்விட்டம் 3/8 அங்குல ஹோஸ் சுமார் 2 மீட்டர், முழு வளையமாக இறுகும் கிளாம்ப் நான்கு போதும். சாதாரணப் பெட்ரோல் ஹோஸ் சூட்டில் விறைத்து வெடிக்கும். கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால் தகடு வைத்து போல்ட் போட்டு நிறுத்துங்கள். கண்டென்சரின் துடுப்புகளைக் குத்தி நைலான் கட்டுப் போடும் முறையில் அது ஆடி ஆடிக் கண்டென்சரையே ஓட்டையாக்கும். ரேடியேட்டரில் காலியான இரண்டு ஆயில் வாய்களையும் உலோக மூடி போட்டு இறுக்குங்கள். உள்ளே கூலர் பிற்காலத்தில் விரிசல் விட்டாலும் கூலன்ட் வெளியே வராது, கியர்பாக்ஸுக்கும் போகாது. கூலரும் ஹோஸும் குடிக்கும் ஆயிலை ஈடுசெய்து அளவை மறுபடி பாருங்கள்.

டெக்சாஸ், அரிசோனா போன்ற வெப்பப் பகுதிக்கு இரண்டாவது வழி பொருந்தும். டொராண்டோ, மினசோட்டா குளிரில் ஆயில் சூடேறாமல் கியர் தாமதமாக விழும், லாக்கப் பிடிக்க நேரமாகும். அங்கே இருப்பவர்கள் வெப்பநிலை பார்த்துத் திறக்கும் வால்வு ஒன்றைக் குழாயில் சேர்க்க வேண்டும், அல்லது முதல் வழியோடு நிற்க வேண்டும்.

பழைய வண்டியாக வாங்கப் போகிறவர்கள் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் வெள்ளைக் காகிதமும் கையில் எடுத்துப் போங்கள். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க விற்பவர் தடை சொன்னால் அந்த வண்டி வேண்டாம். ஆயில் தெளிவாக இருந்தாலும் ரேடியேட்டர் எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது இல்லை என்றால் ரேடியேட்டர் விலையையும் கூலியையும் கழித்துப் பேசி முடித்து, வண்டியை வீட்டுக்கு ஓட்டாமல் நேரே பட்டறையில் விடுங்கள்.